கணக்கை மூடும் முன் ஒரு கடிதம்: தமிழ்நாட்டு வங்கியாளர்களுக்குத் திறந்த மடல்

தமிழ்நாடு மாநில அளவிலான வங்கியாளர் குழுவினருக்கும், மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர்களுக்கும், கிளை மேலாளர்கள் அனைவருக்கும்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். வங்கிக் கவுன்ட்டரில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது எங்கள் ஊர் நூலகத்தின் முன்கூடத்தில் உட்கார்ந்து, படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பலர் பாஸ்புக்கை நீட்டிக்கொண்டே சொல்வது ஒன்றுதான்: “என் கணக்கை மூடிவிட்டார்களாம்.” ஏன் மூடினார்கள், எப்போது மூடினார்கள், உள்ளே இருந்த பணம் எங்கே என்று கேட்டால் அவர்களுக்குத் தெரிவதில்லை. வங்கி அவர்களிடம் சொல்லவில்லை. இந்த மடலை எழுதத் தூண்டியது அதுதான்.

கணக்கை மூடும் உரிமை வங்கிக்கு இல்லை என்று வாதாட நான் வரவில்லை. வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இருப்பது ஓர் ஒப்பந்தம். அதை முடித்துக்கொள்ள இரு தரப்புக்கும் இடமுண்டு. ஆனால் சொல்லாமல் முடித்துக்கொள்ள உங்களுக்கு இடமில்லை. 2014 டிசம்பரில் ரிசர்வ் வங்கி வாடிக்கையாளர் உரிமைச் சாசனத்தை வெளியிட்டது. அதையொட்டி இந்திய வங்கிகள் சங்கம் வகுத்துத் தந்த மாதிரிக் கொள்கையைத்தான் வங்கிகள் தங்கள் கொள்கையாக ஏற்றுக்கொண்டன. போதிய முன்னறிவிப்பு கொடுக்காமல் வாடிக்கையாளர் உறவை முறித்துக்கொள்ள மாட்டோம் என்று அதில் எழுதியிருக்கிறது. நீங்களே ஒப்புக்கொண்டதை நடைமுறைப்படுத்துங்கள் என்று மட்டுமே கேட்கிறேன்.

என் முன்னால் வைக்கப்படும் பாஸ்புக்குகளில், உண்மையிலேயே மூடப்பட்ட கணக்குகள் குறைவு. பெரும்பாலானவற்றில் கணக்கு அப்படியே இருக்கிறது, பணமும் இருக்கிறது, எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். சிலவற்றில் கே.ஒய்.சி. எனப்படும் அடையாள, முகவரி ஆவணம் புதுப்பிக்கப்படாததால் பற்று, அதாவது பணம் எடுப்பது, நிறுத்தப்பட்டிருக்கும். சிலவற்றில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கணக்குதாரர் எந்த வரவுசெலவும் செய்யாததால் அது செயலற்ற கணக்காகியிருக்கும். இன்னும் சிலவற்றை எங்கோ ஒரு மாநிலத்தின் சைபர் குற்றப் பிரிவுப் போலீசார் அனுப்பிய கடிதம் முடக்கியிருக்கும். நான்காவதாகத்தான் வங்கியே கணக்கை முடித்துவைத்த நிலை வருகிறது. நான்குக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்கு ஓர் உறுதிமொழியும் அடையாளச் சான்றும் போதும். மூன்றாவதற்கு உயர் நீதிமன்றம் வரைகூடப் போக நேரிடலாம். கவுன்ட்டரில் இருப்பவர் கணினித் திரையைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பிவிடுகிறார். அந்தத் திரையில் காரணம் தெளிவாகத் தெரியும். அங்கே உட்கார்ந்திருந்தவன் என்பதால் அடித்துச் சொல்கிறேன்: அதைப் படித்துச் சொல்ல அரை நிமிடம் போதும்.

அந்த அரை நிமிடம் கிடைக்காத ஒரு மூதாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயல் வேலை செய்தவர். இடுப்பு ஒடிந்த பிறகு வீட்டோடு இருக்கிறார். அப்போது மாதம் 1,200 ரூபாயாக இருந்த முதியோர் உதவித்தொகைதான் வருமானம். மாதாமாதம் கைரேகைக் கருவியோடு வரும் வங்கி முகவர் ஒரு நாள், “பணம் எடுக்க முடியவில்லை பாட்டி, கிளைக்குப் போய்க் கேளுங்கள்” என்றார். கிளை இருப்பது அடுத்த ஊரில். பஸ் ஏறிப் போனார். கணக்கு நின்றுவிட்டது, ஆதார் கொண்டுவா என்றார்கள். அடுத்த முறை ஆதாரோடு போனார். இணைப்பு இல்லை, நாளைக்கு வா என்றார்கள். அதற்கடுத்த முறை, ஆதாரில் இருக்கும் பெயரும் பாஸ்புக்கில் இருக்கும் பெயரும் ஓரெழுத்து மாறியிருக்கிறது என்றார்கள். அதன் பிறகு அவர் போகவில்லை. கணக்கு மூடப்பட்டுவிட்டது, உதவித்தொகையும் நின்றுவிட்டது என்று முடிவுக்கு வந்துவிட்டார். அரிசிக்கும் மாத்திரைக்கும் அக்கம்பக்கத்தில் வட்டிக்கு வாங்கத் தொடங்கினார்.

அவருடைய பேத்தி பாஸ்புக்கை என்னிடம் கொண்டுவந்தாள். முகவரி மாறவில்லை, விவரம் எதுவும் மாறவில்லை என்று ஓர் உறுதிமொழி எழுதி, பெருவிரல் ரேகை வாங்கி, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு விண்ணப்பமும் சேர்த்து, கிளை மேலாளரின் கையிலேயே கொடுத்து ஒப்புகை வாங்கி வரச் சொன்னேன். அந்த வாரமே கணக்கு திறந்துகொண்டது. உள்ளே மாதக்கணக்கான உதவித்தொகை அப்படியே கிடந்தது! அரசு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. வங்கியும் வரவு வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. சொந்தப் பணம் சில கிலோமீட்டர் தொலைவில் இருக்க, அந்த மூதாட்டி வட்டிக்கு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அந்த வட்டியை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

இவர் ஒருவர் மட்டும் என்றால் நான் மாநிலக் குழுவுக்கு எழுதியிருக்க மாட்டேன். ஜன் தன் திட்டம் 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கியது. தொடக்க நாளிலேயே நாடு முழுவதும் ஒன்றரைக் கோடிக் கணக்குகள் திறக்கப்பட்டன. குறைந்த ஆபத்துடையவர்கள் என்று வகைப்படுத்தப்படும் சாதாரண வாடிக்கையாளர்கள் பத்தாண்டுக்கு ஒரு முறை கே.ஒய்.சி. புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று மேளதாளத்தோடு திறந்த கணக்குகளுக்கெல்லாம் 2024இலிருந்து புதுப்பிக்கும் தவணை நாள் வந்துவிட்டது. திறக்கும்போது ஊர் ஊராக வந்து முகாம் போட்டோம். புதுப்பிக்கும் நாள் வந்தபோது மக்களைக் கிளைக்கு வரச் சொன்னோம். 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊராட்சிகளில் முகாம் நடத்துமாறு மேலிடத்திலிருந்து சொன்ன பிறகே வங்கிகள் மறுபடி ஊருக்குள் வந்தன. அந்த முகாம்கள் நல்ல பணி செய்தன, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் மூன்று மாதத்தில் முடிந்துவிடும் வேலையா இது?

ரிசர்வ் வங்கி என்ன சொல்லியிருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் இந்த மடலைப் பொதுமக்களும் படிப்பார்கள் என்பதால் எழுதிவைக்கிறேன். 2025 ஜூன் 12 அன்று வந்த திருத்தத்தின்படி, கே.ஒய்.சி. தவணைக்கு முன்பு வங்கி குறைந்தது மூன்று முறை தெரிவிக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும். தவணை தாண்டிய பிறகும் மூன்று நினைவூட்டல்கள், அவற்றிலும் ஒரு கடிதம். சாதாரண வாடிக்கையாளர் என்றால் தவணை நாளிலிருந்து ஓராண்டு வரையிலோ 2026 ஜூன் 30 வரையிலோ, எது பின்னால் வருகிறதோ அதுவரை எல்லா வரவுசெலவையும் அனுமதிக்க வேண்டும். விவரம் எதுவும் மாறவில்லை என்றால் உறுதிமொழி ஒன்றே போதும். அதை ஊருக்கு வரும் வங்கி முகவரிடமே கொடுக்கலாம். நான் சொன்ன மூதாட்டி தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே முடித்திருக்கக்கூடிய வேலை அது.

ஆதார் இருந்தால்தான் ஆகும் என்று திருப்பி அனுப்புவதும் சரியில்லை. வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் ஆகியவற்றோடு, மாநில அரசு அலுவலர் கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டையும் செல்லுபடியாகும் சான்றுகளின் பட்டியலில் இருந்து வந்திருக்கிறது. 70 வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து ஆவணம் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பான் எண்ணோ, பான் இல்லாதவர்கள் தரும் படிவம் 60-ஓ கொடுக்காததற்காகக் கணக்கை நிறுத்துவதானால்கூட, அதற்கு முன் வாடிக்கையாளருக்குப் புரியும் வகையில் அறிவிப்பும் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். நோயாலோ முதுமையாலோ கொடுக்க முடியாதவர்களுக்குத் தளர்வு காட்ட வேண்டும். இவ்வளவு பரிவும் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. கவுன்ட்டர் வரை அது வந்து சேரவில்லை.

வந்து சேராததற்கு மொழியும் ஒரு காரணம். செலான், பாஸ்புக், கணக்குத் திறக்கும் படிவம் எல்லாம் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது பழைய உத்தரவு. பணம் போடும் செலான் தமிழில் இருக்கிறது. பணத்தை நிறுத்தப்போகிறோம் என்ற குறுஞ்செய்தியோ ஆங்கிலத்தில் வருகிறது. அதுவும் பத்தாண்டுக்கு முன் மகன் வைத்திருந்த கைப்பேசி எண்ணுக்குப் போகிறது. அந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறதோ! போதாக்குறைக்கு, கே.ஒய்.சி. புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கும் என்று மோசடிக்காரர்களும் இதே பாணியில் செய்தி அனுப்புகிறார்கள். இணைப்பைத் தொடாதே, யாரையும் நம்பாதே என்று நாம்தான் மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம். அவர்கள் நம் பேச்சைக் கேட்டு, உண்மையான செய்தியையும் அழித்துவிடுகிறார்கள். தபால்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போகும் தமிழ்க் கடிதத்தைத்தான் கிராமம் நம்பும்.

செயலற்ற கணக்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே விதி தெளிவாக இருக்கிறது. 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள அறிவுறுத்தலின்படி, இத்தகைய கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கக் கூடாது. மீண்டும் செயல்படுத்தக் கட்டணம் வாங்கக் கூடாது. சேமிப்புக் கணக்குக்கு வட்டி சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். முழுமையான விண்ணப்பம் வந்த மூன்று வேலை நாள்களுக்குள் கணக்கை உயிர்ப்பிக்க வேண்டும். கணக்கு வைத்திருக்கும் கிளைக்குத்தான் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பத்தாண்டு தாண்டிய பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். அப்படிப் போனாலும் அது கணக்குதாரர் பணமே. வங்கி வழியாக எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். எந்த வங்கியில் போட்டோம் என்பதே மறந்துபோனவர்களுக்கு 2023 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘உத்கம்’ இணையதளம் இருக்கிறது. அரசின் நேரடி உதவித்தொகை வரும் கணக்குகளைத் தனியே பிரித்துவைத்து, அவற்றில் பணம் வருவது தடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2024 டிசம்பர் 2 அன்று மறுபடியும் வலியுறுத்தினார்கள். ஒரே விஷயத்தை மறுபடி மறுபடி சொல்ல நேர்கிறது என்றால் கோளாறு எங்கே இருக்கிறது என்று நீங்கள் யோசிக்க வேண்டும்.

அபராதப் பிடித்தமும் இதோடு ஒட்டியதுதான். 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை முதல் முறையாக ஒரு கோடியே ஆறு இலட்சம் பெண்களுக்கு அனுப்பப்பட்டபோது, அந்த ஆயிரம் ரூபாயிலேயே சில வங்கிகள் பழைய நிலுவைக்கும் சேவைக் கட்டணத்துக்கும் கை வைத்தன. அப்படிச் செய்யக் கூடாது என்று அப்போது தமிழ்நாட்டு நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு அறிக்கை விட வேண்டியதாயிற்று. குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான அபராதத்தால் மட்டுமே ஒரு கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று 2014 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அது தெரியாத பெண்கள், “அறுநூறு ரூபாய் கட்டினால்தான் கணக்கை மூடித் தருவோம்” என்று கேட்கப்பட்டுக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வருகிறார்கள். தங்கைகளே, கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். எந்தத் தேதியில், எந்தக் கட்டணத்துக்காக, எத்தனை ரூபாய் என்று எழுதித் தரச் சொன்னாலே பாதித் தொகை காணாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படியும் கேட்கலாம்; அதற்குக் குறைந்தபட்ச இருப்பே தேவையில்லை. ஒரே வங்கியில் அதோடு இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள மட்டும் முடியாது.

போலீஸ் முடக்கத்துக்கு வருகிறேன். இதில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் சிறு கடைக்காரர்கள். கடையில் யு.பி.ஐ. அட்டையை ஒட்டிவைத்திருப்பார்கள். யாரோ ஒருவர் எங்கோ ஏமாற்றிய பணம் நாலைந்து கை மாறி, அதில் முந்நூறு ரூபாய் இந்தக் கடையில் காய்கறிக்கோ டீக்கோ செலவாகியிருக்கும். பணம் போன வழியைத் தொடரும் போலீசார் அந்தக் கணக்கையும் குறித்துவிடுகிறார்கள். வங்கி முந்நூறு ரூபாயை மட்டும் நிறுத்திவைக்காமல் கணக்கு முழுவதையும் பூட்டிவிடுகிறது. மறுநாள் கோயம்பேட்டிலோ ஒட்டன்சத்திரத்திலோ சரக்கு எடுக்கக் கையில் காசு இருக்காது. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் தடுத்துவைத்துவிட்டு மீதியைப் புழங்கவிட வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கின்றன. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவின்படி சொத்தைக் கைப்பற்றும் போலீசார் அதை உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே கடைக்காரர் செய்ய வேண்டிய முதல் வேலை, எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, சந்தேகத் தொகை எவ்வளவு என்ற நான்கையும் வங்கியிடமிருந்து எழுத்தில் வாங்குவது. அது கையில் இருந்தால் விசாரணை அதிகாரிக்கு விற்பனை ரசீதுகளோடு எழுதலாம், வழக்கறிஞரைப் பார்க்கலாம். அது இல்லாமல் எங்கே போய் நிற்பது? பல கிளைகள் அந்த விவரத்தைத் தருவதில்லை. “மேலிடத்து உத்தரவு” என்பதோடு சரி. அந்தக் கடிதம் உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறது ஐயா. இரகசியம் என்று போலீசார் குறிப்பிட்டிருந்தாலொழிய அந்த நான்கு விவரங்களையும் கொடுங்கள்.

இனி, வங்கியே முடிவெடுத்துக் கணக்கை மூடும் நிலை. 2020 ஆகஸ்ட் 6 அன்று நடப்புக் கணக்குகள் பற்றி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. ஒரு வங்கியில் கடன் வாங்கிவிட்டு இன்னொன்றில் நடப்புக் கணக்கு வைத்துப் பணத்தைத் திசைதிருப்புவதைத் தடுப்பது அதன் நோக்கம், நியாயமான நோக்கம்தான். ஆனால் 2021இல் வங்கிகள் அதை நிறைவேற்றியபோது சிறு தொழில்முனைவோர் பலர் கணக்கு நின்றபிறகே விவரம் அறிந்தார்கள். குழப்பம் பெரிதாகி, ரிசர்வ் வங்கி கெடுவை அக்டோபர் இறுதிவரை நீட்டித்தது. பெரிய நிறுவனத்துக்கு மாற்று ஏற்பாடு செய்ய ஆள் இருக்கிறது. தையல் கூடமோ லேத் பட்டறையோ வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்குதான் தொழிலே.

கணக்கு மூடப்பட்டால் அதோடு சேர்ந்து எவையெல்லாம் அறுபடுகின்றன என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பின்தேதியிட்டுக் கொடுத்த காசோலை “கணக்கு மூடப்பட்டது” என்று திரும்பிவந்தாலும், செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் குற்றவழக்குக்கு இடமுண்டு. உச்ச நீதிமன்றம் 1999இலேயே இதைச் சொல்லிவிட்டது. தானாகப் போகும் கடன் தவணை தவறுகிறது, அதற்குத் தனி அபராதம், கூடவே கடன் மதிப்பெண்ணும் சரிகிறது. காப்பீட்டுத் தவணை நின்று பாலிசி காலாவதியாகிறது. எரிவாயு மானியம், உதவித்தொகை, பிள்ளையின் கல்வி உதவிப் பணம் எல்லாம் ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அதற்கே போகும். அந்தக் கணக்கு இல்லை என்றால் அரசின் வாசலுக்கே திரும்பிப் போய்விடும். ஒரு கடிதம் முன்கூட்டி வந்திருந்தால் இத்தனையையும் மாற்றிவைத்திருக்கலாம்.

அதனால் கணக்கு மூடப்பட்டவர்களுக்குச் சொல்கிறேன். கவுன்ட்டரில் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில், தமிழிலேயே, என் கணக்கு எந்த நிலையில் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து, என்ன காரணம், இருப்பு எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். இரண்டு படி எடுத்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். அந்த ரசீதுதான் பின்னால் உங்களுக்காகப் பேசும். கணக்கு உண்மையிலேயே மூடப்பட்டது என்றால், மீதிப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றவோ டிமாண்ட் டிராஃப்டாகத் தரவோ கேளுங்கள். கையோடு கடந்த ஓரிரு ஆண்டுகளின் கணக்கு விவர அறிக்கையையும், மூடப்பட்டதற்கான கடிதத்தையும் வாங்கிவிடுங்கள். நாளைக்கு வருமான வரிக்கோ வீட்டுக் கடனுக்கோ அது தேவைப்படும், அப்போது போய்க் கேட்டால் அலையவிடுவார்கள். காத்திருக்கும் நேரத்தில் வேறொரு வங்கியிலோ, ஊருக்கே வரும் தபால்காரர் மூலம் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியிலோ ஒரு கணக்குத் தொடங்கி, ஆதார் இணைப்பை அதற்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். காசோலை கொடுத்திருந்தால் வாங்கியவரிடம் முந்திக்கொண்டு சொல்லி, பணத்தை வேறு வழியில் செலுத்திவிடுங்கள். வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டால் கையில் கிடைத்த நாளிலிருந்து பதினைந்து நாள்தான் அவகாசம்.

முப்பது நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். 2021 நவம்பர் 12 முதல் பெரும்பாலான வங்கிகளுக்கும் எல்லா ஊர்களுக்கும் ஒரே நடைமுறைதான். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. இணையத்தில் புகார் பதியலாம். முடியாதவர்கள் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் புகார் பெறும் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். தமிழில் எழுதினாலும் ஏற்றுக்கொள்வார்கள். 14448 என்ற இலவச எண்ணில் விவரம் கேட்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: முதலில் வங்கியிடம் எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் போனால் அந்தக் காரணத்துக்காகவே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெள்ளைத்தாளையும் முத்திரையையும் நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

மீண்டும் உங்களிடம் வருகிறேன். எல்லாக் காரணத்தையும் வெளியே சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின்படி சந்தேகப் பரிமாற்றம் என்று ஓர் அறிக்கை போயிருந்தால் அதை வாடிக்கையாளரிடம் மூச்சுவிடக் கூடாது. சரி. அத்தகைய கணக்குகள் எத்தனை? அந்தச் சிலவற்றுக்கான மௌனத்தை நூறு நாள் வேலைக் கூலிக் கணக்குகளுக்கும் முதியோர் கணக்குகளுக்கும் சேர்த்துப் போர்த்துவது அநியாயம்.

கிளைகளில் ஆள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் சேர்ந்த காலத்தில் கவுன்ட்டர் நிறைய ஆட்கள் இருந்த கிளைகளில் இப்போது ஒருவரே பணமும் வாங்கி, பாஸ்புக்கும் அச்சிட்டு, நகைக் கடனும் பார்த்து, காப்பீடு விற்கும் இலக்கையும் எட்ட வேண்டியிருக்கிறது. தமிழ் தெரியாத ஊரிலிருந்து வந்து, மொழி பிடிபடும் முன்பே கூட்டத்தைச் சமாளிக்கும் இளைஞர்களைப் பார்த்துப் பரிதாபப்படுகிறேன். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. என் கோபமெல்லாம், அச்சடித்த ஒரு தமிழ்க் கடிதம் இருந்தால் அந்த இளைஞரின் வேலையும் குறையும், பாட்டியின் அலைச்சலும் குறையும் என்று தெரிந்தும் அதைச் செய்யாமல் இருப்பவர்கள்மேல்தான்.

நம் ஊர் வங்கிகள் எப்படிப் பிறந்தன என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் நிறுவனம் திவாலாகிக் கதவை அடைத்தபோது, அதை நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அந்த ஆற்றாமையிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முன்னின்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். 1969 ஜூலை 19 அன்று பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையானதும், அதே ஆண்டில் மாவட்டத்துக்கு ஒரு வங்கியைப் பொறுப்பாக்கும் முன்னோடி வங்கித் திட்டம் வந்ததும், கதவுக்கு வெளியே நின்றவர்களை உள்ளே அழைப்பதற்காகத்தான். உங்கள் குழு இருப்பதே அந்தத் திட்டத்தின் வழியாகத்தான்.

நான் கேட்பது பெரிய செலவில்லாத காரியம். பற்று நிறுத்தமோ மூடலோ எதுவானாலும், முப்பது நாளுக்கு முன் தமிழில் ஒரு கடிதம் தபாலில் போக வேண்டும். கணக்கு என்ன நிலைக்குப் போகப்போகிறது, எதனால், அதைத் தடுக்க எந்தச் சான்றை யாரிடம் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பணம் எங்கே இருக்கும், குறை இருந்தால் யாரிடம் முறையிடலாம் என்பது அதில் இருக்க வேண்டும். வங்கி முகவரின் கையிலும் அந்த மாதம் தவணை வரும் கணக்குகளின் பட்டியலைக் கொடுங்கள். கைரேகை வைக்கும்போதே அவர் சொல்லிவிடுவார். உதவித்தொகைக் கணக்குகளில் கிளை மேலாளர் நேரில் பார்த்துக் கையெழுத்திடாமல் எதையும் நிறுத்த வேண்டாம். திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் முன்னோடி வங்கி மேலாளருக்கு ஒரு மேசை போடுங்கள். அங்கே வரும் மனுக்களைப் பார்த்தாலே எந்தக் கிளையில் எந்தக் கோளாறு என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

காலாண்டுக்கு ஒரு முறை கூடுகிறீர்கள். கடன் இலக்கு, வைப்பு விகிதம் என்று நிறையப் பேச வேண்டியிருக்கும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கும் ஓர் இடம் ஒதுக்கி, மூன்று மாதத்தில் மாவட்டவாரியாக எத்தனை கணக்குகள் நிறுத்தப்பட்டன, அவற்றில் எத்தனை பேருக்குக் கடிதம் போனது என்ற எண்ணிக்கையை வெளியிடுங்கள். அந்தக் கடிதத்தின் வாசகத்தைத் தமிழில் எழுதித் தர ஆள் வேண்டும் என்றால், என்னைப் போல் ஓய்வுபெற்ற ஊழியர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். கூப்பிட்டால் கூலி கேட்காமல் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர்,
திருவாரூர் மாவட்டம்